கான் போட்ட முதல்

1218-க்குச் சற்று முன்பு புகாரா பக்கத்து வணிகர்கள் மூன்று பேர் மங்கோலியாவுக்குத் துணி விற்கப் போனார்கள். ஜரிகைத் துணியும் பருத்தித் துணியும் கொண்டுபோயிருந்தார்கள். முதலில் அகமது பால்சிக் என்பவரின் மூட்டையைப் பிரித்தார்கள். கூடாரத்தில் வாழ்கிற ஆட்களுக்குத் துணி விலை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, பத்து இருபது தினாருக்கு வாங்கிய துணிக்கு மூன்று தங்கப் பாலிஷ் கேட்டார். பாலிஷ் என்றால் பாரசீக மொழியில் தலையணை. ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள உலோகக் கட்டிக்கு அந்தப் பெயர்.

செங்கிஸ் கானுக்குக் கோபம் வந்துவிட்டது. 'நம்மிடம் இதற்கு முன் துணியே வந்ததில்லை என்று இந்த ஆள் நினைக்கிறானா?' என்று கேட்டு, தன் கிடங்கில் இருந்த துணிகளை அவருக்குக் காட்டச் சொன்னார். அப்புறம் சரக்கைப் பறித்துக்கொண்டு ஆளைப் பிடித்து வைத்தார்கள். மற்ற இருவரும் சுதாரித்துக்கொண்டார்கள். எவ்வளவு கேட்டும் விலை சொல்லவில்லை. கானுக்குக் காணிக்கையாகத்தான் கொண்டுவந்தோம் என்றார்கள். கான் மனம் குளிர்ந்து, ஜரிகைத் துணி ஒவ்வொன்றுக்கும் ஒரு தங்கப் பாலிஷும், பருத்தித் துணி இரண்டுக்கு ஒரு வெள்ளிப் பாலிஷும் கொடுக்கச் சொன்னார். பிடித்து வைத்திருந்த பால்சிக்கையும் கூப்பிட்டு அதே விலையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இதை எழுதி வைத்திருப்பவர் ஜுவைனி. மங்கோலியர்களிடமே உயர்பதவியில் இருந்த பாரசீகர். நடந்து நாற்பது வருடம் கழித்து எழுதுகிறார், கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து அவர் சொல்வது. அந்த வணிகர்கள் ஊர் திரும்பும்போது, இளவரசர்களும் தளபதிகளும் ஆளுக்கு இரண்டு மூன்று பேரைப் பொறுக்கி, கையில் தங்கமும் வெள்ளியும் கொடுத்துக் கூட அனுப்ப வேண்டும் என்று செங்கிஸ் கான் உத்தரவு போடுகிறார். அந்த வணிகர்களின் ஊர் அடங்கிய குவாரிஸ்ம் நாட்டில் வியாபாரம் செய்து நல்ல சரக்கு வாங்கி வர வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்கள் 450 பேர். ஆட்கள் மத்திய ஆசிய முஸ்லிம்கள். முதல் மங்கோலிய அரச குடும்பத்துடையது.

மங்கோலியர் கதையைப் பொதுவாக இரண்டு பாகமாகச் சொல்வார்கள். முதல் பாகத்தில் படையெடுப்பு, தலைகள், எரிந்த நகரங்கள். இரண்டாம் பாகத்தில் அமைதி, பட்டுப் பாதை, மார்கோ போலோ. முதலில் வென்றார்கள், பிறகு வணிகம் தானாகச் செழித்தது என்ற வரிசை. இந்த 450 பேரைப் பார்த்தால் அந்த வரிசையே சரியில்லை என்று தோன்றுகிறது. வணிகர்கள் ஆரம்பத்திலிருந்தே உள்ளே இருந்தார்கள், கூட்டாளியாக.

ஏன் என்று புரிய ஸ்டெப்பி புல்வெளியின் கணக்கு தெரிய வேண்டும். அங்கே குதிரை உண்டு, ஆடு உண்டு, தோலும் கம்பளியும் உண்டு. தானியம், நெய்த துணி, இரும்பு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் வெளியாரை நம்பியிருக்க வேண்டும். தலைவன் என்பவன் அதைக் கொண்டுவந்து பங்கு போடுகிறவன். பட்டும் வெள்ளியும் தொடர்ந்து கைக்கு வராவிட்டால் கூட்டம் வேறு தலைவனைத் தேடிப் போய்விடும். கொள்ளையடித்தும் கொண்டுவரலாம், விலைக்கும் வாங்கலாம். இரண்டையும் ஒரே ஆள் செய்வதில் அவர்களுக்கு முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

1206-இல் தெமுஜின் 'செங்கிஸ் கான்' ஆவதற்கு முன்பே இந்தத் தொடர்பு இருந்தது. 1203-இல் தோற்று ஓடி, பால்ஜுனா என்ற நீர்நிலைக் கரையில் கொஞ்சம் பேரோடு ஒதுங்கியிருந்த நேரத்தில், ஹசன் என்ற முஸ்லிம் வணிகர் வெள்ளை ஒட்டகத்தில் ஏறி, ஆயிரம் கிடாய்களை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்ததாக மங்கோலியர்களின் சொந்த வரலாறே சொல்கிறது. ஆட்டைக் கொடுத்துவிட்டு சேபிள் என்ற சிறு விலங்கின் தோலும் அணில்தோலும் வாங்கப் போய்க்கொண்டிருந்தவர். ஹசன் என்ற பெயரில் ஒருவர் பிறகு செங்கிஸ் கானின் தூதராகவும் வருகிறார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நினைப்பவர்கள் உண்டு.

சரி, அந்த 450 பேருக்கு வருவோம். சிர் தரியா ஆற்றங்கரையில் ஓத்ரார் என்ற எல்லை நகரம், இன்றைய தெற்குக் கசகஸ்தான். அதன் ஆளுநர் இனால்சுக், குவாரிஸ்ம் ஷாவின் தாய்க்கு உறவுக்காரர். 'காயிர் கான்' என்று பட்டம் வாங்கியிருந்தார். சாத்தில், அதாவது அந்த வணிகக் கூட்டத்தில், ஓர் இந்தியர் இருந்தாராம். ஆளுநரைப் பழைய நாளிலிருந்தே தெரியும் என்பதால், பட்டத்தை விட்டுவிட்டு வெறுமனே 'இனால்சுக்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். ஆளுநருக்கு அது பொறுக்கவில்லை. சரக்கின் மேலும் கண். இவர்கள் ஒற்றர்கள் என்று மேலே எழுதி அனுப்பினார். ஷா அலாவுத்தீன் முகமது கொல்லச் சொன்னார். எல்லோரையும் கொன்றார்கள், தப்பிய ஒருவன் போய்ச் செய்தி சொன்னான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காக ஒரு பேரரசு அழிந்தது என்று இதைச் சுவையாகச் சொல்லலாம், ஜுவைனியும் அப்படித்தான் சொல்கிறார். ஒற்றர் என்ற சந்தேகமும் முழுக்கப் பொய்யாக இருந்திருக்காது. அந்தக் காலத்தில் தூரதேசம் போய்வரும் வணிகனைவிட நல்ல ஒற்றன் யார்? ஆனால் ஓத்ராரில் பறிபோனது யாருடைய பணம் என்பதையும் பார்க்க வேண்டும். மங்கோலிய இளவரசன், தளபதி ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு இருந்தது. செங்கிஸ் கான் அப்போதும் உடனே படையை அனுப்பவில்லை. ஆளுநரை ஒப்படையுங்கள் என்று தூது அனுப்பினார். ஷா அந்தத் தூதரையும் கொன்றார்.

அதன் பிறகு நடந்தது தெரிந்த கதை. 1219-இல் படை வந்தது. ஓத்ரார் ஐந்து மாதம் தாக்குப்பிடித்து வீழ்ந்தது. 1220-இல் புகாரா, சமர்கந்து. ஷா காஸ்பியன் கடலில் ஒரு தீவுக்கு ஓடி அங்கேயே இறந்தார். 1221-இல் மெர்வும் நிஷாபூரும். அங்கே இறந்தவர்கள் என்று அக்கால ஆசிரியர்கள் தரும் லட்சக்கணக்கான எண்களை அப்படியே ஏற்க முடியாது. அந்த நகரங்கள் பழைய நிலைக்கு வரவில்லை என்பது மட்டும் உண்மை.

இந்த அழிவிலும் ஒரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. சமர்கந்தில் கைவினைஞர்கள் 30,000 பேரைத் தனியாகப் பிரித்து அரச குடும்பத்தாருக்குப் பங்கு வைத்தார்கள் என்கிறார் ஜுவைனி. மெர்வில் 400 கைவினைஞர்களை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்களைக் கொன்றார்கள். ஹெராத்தின் நெசவாளர்களைக் கிழக்கே பெஷ்பாலிக் வரை குடும்பத்தோடு கொண்டுபோய்த் தறி போட வைத்தார்கள். தங்க இழை கலந்து நெய்யும் 'நசிஜ்' துணிதான் மங்கோலியர்களுக்கு உயிர். சரக்கை வாங்குவதற்குப் பதில் சரக்குச் செய்கிறவனையே தூக்கி வருவது! அந்த வகைத் துணிக்குப் பிற்பாடு ஐரோப்பாவில் 'தார்த்தாரியத் துணி' என்று பெயர் வந்தது. இத்தாலியப் பிரபுக்களும் போப்பாண்டவர்களும் உடுத்தினார்கள்.

அடுத்த கான் ஒகோதேய், செங்கிஸின் மூன்றாவது மகன். 1235-இல் கரகோரத்துக்கு மதில் எழுப்பினார். வயலும் இல்லை, பெரிய ஊரும் இல்லை, நடுப் புல்வெளியில் ஒரு தலைநகரம். தினம் 500 வண்டி உணவும் பானமும் வெளியிலிருந்து வந்தால்தான் ஊர் சாப்பிட முடியும் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு வணிகனை வரவழைக்க வேண்டுமானால் ஒரே வழி, கேட்ட விலைக்கு மேல் கொடுப்பது. ஒகோதேய் அதைத்தான் செய்தார். கேட்ட விலையோடு 10 சதவீதம் கூட்டிக் கொடுக்கச் சொல்வாராம். ஏற்கெனவே விலை அதிகம், இதில் மேலே வேறு எதற்கு என்று அதிகாரிகள் முணுமுணுத்தார்கள். அதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: வணிகர்கள் நம் நிழலில் நாலு காசு பார்க்கத்தான் வருகிறார்கள், இங்கே வந்தால் எழுத்தர்களாகிய உங்களுக்கு வேறு அவர்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது, உங்கள் கடனைத்தான் நான் அடைக்கிறேன். மேசைக்கு அடியில் போகும் பணத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய அரசர்கள் வரலாற்றில் குறைவு.

1254-இல் அங்கே போன வில்லியம் ருப்ரக் என்ற பிரான்சிஸ்கன் துறவி ஊரை விவரித்திருக்கிறார். முஸ்லிம்களின் தெரு ஒன்று, சந்தை அங்கேதான். சீனக் கைவினைஞர்களின் தெரு இன்னொன்று. பல இனத்தாரின் கோயில்கள் பன்னிரண்டு, மசூதி இரண்டு, தேவாலயம் ஒன்று. பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் டெனி என்ற சிற்றூர் அளவுக்குக்கூட இது தேறாது என்று குறை சொல்லிக்கொண்டே அரண்மனை வாசலில் நின்ற வெள்ளி மரத்தை வாய்பிளந்து பார்த்திருக்கிறார். அதன் குழாய்களில் திராட்சை மது, குமிஸ் என்ற குதிரைப்பால் மது, தேன் மது, அரிசி மது என்று நான்கும் கொட்டும். செய்தவர் கியோம் பூஷே என்ற பாரிஸ் பொற்கொல்லர், ஹங்கேரியில் பிடிபட்டவர். மரத்தின் உச்சியில் எக்காளம் ஊதும் தேவதை. காற்றடித்து ஊதவைக்கும் துருத்தி சரியாக வேலை செய்யாததால், உள்ளே ஓர் ஆளை உட்காரவைத்து ஊதச் சொன்னார்கள்.

இந்தப் பகட்டுக்கெல்லாம் பணம் வந்த வழிக்குப் பெயர் 'ஓர்தாக்'. துருக்கியச் சொல், 'கூட்டாளி' என்று பொருள். கானோ இளவரசியோ தளபதியோ வெள்ளியை முதலாகப் போடுவார்கள். வணிகர், பெரும்பாலும் மத்திய ஆசிய முஸ்லிம் அல்லது உய்குர், அதைக் கொண்டு சரக்கு வாங்கி விற்பார், அல்லது வட்டிக்கு விடுவார். லாபத்தில் பங்கு. ஒருவர் முதல், ஒருவர் உழைப்பு என்ற இந்த ஏற்பாடு அரபு நாட்டிலும் இத்தாலியிலும் உண்டு, நம் ஊர் வணிகக் குடும்பங்களுக்கும் புதிதல்ல. ஆனால் இங்கே முதல் போடுகிறவரின் கையில் படையும் இருந்தது.

அதுதான் வட சீனாவின் குடியானவர்களைக் கடித்தது. வரியை வெள்ளியாகக் கட்டு என்றார்கள். குடியானவனிடம் ஏது வெள்ளி? ஓர்தாக்கிடம் கடன் வாங்கினான். வருடத்துக்கு வட்டி 100 சதவீதம், கட்டாவிட்டால் வட்டியும் முதலோடு சேரும். சீனர்கள் இதற்கு 'ஆட்டுக்குட்டி வட்டி' என்று பெயர் வைத்தார்கள். ஆடு குட்டி போடுகிறது, அடுத்த வருடம் குட்டியும் குட்டி போடுகிறது. ஒரு வெள்ளிக் கட்டி பத்து வருடத்தில் 1,024 ஆகும் என்று தெற்குச் சீனாவின் சோங் அரசிலிருந்து வந்த தூதுக்குழுவினர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் மீட்டர் வட்டி என்று பெயர் வைத்தவனும் அந்தச் சீனக் குடியானவனும் சந்தித்திருந்தால் பேச நிறைய இருந்திருக்கும். கடன் கட்ட முடியாதவர்கள் வீட்டை விற்றார்கள், பெண்டுபிள்ளைகளை விற்றார்கள்.

வழியில் வணிகனின் சரக்கு திருட்டுப் போனால், திருடனைப் பிடிக்காவிட்டால், அந்த ஊர் மக்கள் ஈடு கட்ட வேண்டும் என்றும் விதி. திருட்டே போகாமல் போனது என்று சொன்னவர்களும் உண்டு. பட்டுப் பாதையில் கள்வர் பயமில்லாமல் போகலாம் என்ற புகழுக்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

வரி வசூலையே குத்தகைக்கு விட்டது அடுத்த கட்டம். யெலு சூட்சாய் என்ற கித்தான் இனத்து அமைச்சர் வட சீனாவின் வரியை ஒழுங்குபடுத்தி 1230-இல் 10,000 வெள்ளிக் கட்டி என்று நிர்ணயித்தார். 1238-க்குள் அது 22,000 ஆகியிருந்தது. அப்போது அப்துர் ரஹ்மான் என்ற வணிகர் வந்து, 44,000 தருகிறேன், குத்தகையை எனக்குக் கொடுங்கள் என்றார். யெலு சூட்சாய் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். ஒகோதேய் 44,000 பக்கம் சாய்ந்தார். அமைச்சரால் ஆனது ஒன்றுதான்: வட்டி எத்தனை வருடம் ஓடினாலும் முதலுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு. மக்கள் ஓர்தாக்குகளுக்குக் கட்ட வேண்டியிருந்த 76,000 கட்டிகளை 1240-இல் அரசே அடைத்தது.

அந்த வணிகர்கள் எளிதாகப் போய்வர உதவியது அஞ்சல் சாவடிகள். மங்கோலிய மொழியில் 'ஜாம்', பாரசீகத்தில் 'யாம்'. (நமக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும், அரச தோரணை மட்டும் பொருந்துகிறது.) ஒருநாள் பயணத் தூரத்துக்கு ஒரு சாவடி. குதிரை, தீனி, படுக்க இடம். 'பாய்சா' என்ற வில்லை வைத்திருப்பவருக்கு எல்லாம் இலவசம். வில்லை மரத்திலும் இருக்கும், வெள்ளியிலும் தங்கத்திலும் இருக்கும், ஆளின் தகுதியைப் பொறுத்தது. தூதர்களுக்கென்று வந்த இந்த வசதியை ஓர்தாக்குகள் இஷ்டத்துக்குப் பயன்படுத்தினார்கள். குதிரையும் தீனியும் கொடுக்க வேண்டியது பக்கத்து ஊர்க் குடும்பங்கள். 1251-இல் கான் ஆன மோங்கே, வணிகர்கள் சாவடிக் குதிரையைத் தொடக் கூடாது என்று தடை போட்டார். சொந்த வியாபாரத்துக்குப் போகிறவனுக்கு எதற்கு அரசுக் குதிரை என்பது அவர் கேள்வி.

ஆனால் அதே மோங்கே இன்னொன்றும் செய்தார். அவருக்கு முன் ஆண்ட குயுக் 1248-இல் இறந்தபோது வணிகர்களுக்குக் கடன் பாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். 5 லட்சம் வெள்ளிப் பாலிஷுக்கு மேல் என்கிறார் ஜுவைனி. குயுக் குடும்பத்தைப் பதவியிலிருந்து விரட்டிவிட்டுத்தான் மோங்கே ஆட்சிக்கு வந்தார். பகையாளி வாங்கிய கடன், நான் ஏன் கட்ட வேண்டும் என்று கையை விரித்திருக்கலாம். கடைசிக் காசு வரை கொடுத்தார். ஓர் அரசன் இன்னோர் அரசனின் கடனை அடைத்த கதை எங்கேயாவது உண்டா என்று ஜுவைனி வியக்கிறார். வியக்க ஒன்றுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கானின் சொல்லுக்குக் கடைத்தெருவில் மதிப்புப் போய்விட்டால் அடுத்த மாதமே கரகோரத்துக்கு வண்டி வராது.

மோங்கேவுக்குப் பின் பேரரசு நான்காகப் பிரிந்தது. சீனாவில் குப்லாய், ஈரானில் இல்கான்கள், வோல்காப் பக்கம் தங்கக் கூட்டம், நடு ஆசியாவில் சகதாய் வழியினர். தங்களுக்குள் அடித்துக்கொண்டும் இருந்தார்கள். குப்லாய்க்கும் ஈரானுக்கும் நல்ல உறவு, நடுவில் இருந்தவர்களோடு சண்டை. தரைவழி நினைத்தபோது அடைபடும். அதனால் கடல் பெரிதானது.

தெற்குச் சீனாவின் சோங் அரசைப் பிடிக்க குப்லாய்க்கு ஈரான் உதவியது. சியாங்யாங் கோட்டை 1268 முதல் ஐந்து வருடம் விழாமல் நின்றது. இல்கான் அனுப்பிய இஸ்மாயில், அலாவுத்தீன் என்ற இரு பொறியாளர்கள் எதிர்பாரம் கட்டிய கல்லெறி பொறிகளைச் செய்து மதிலை உடைத்தார்கள். 1276-இல் தலைநகர் ஹாங்சோ பணிந்தது. அடுத்து குவான்சோ துறைமுகம். அரபிகள் 'ஸைத்தூன்' என்ற அந்த ஊரில் கடல் வணிகத்தை நிர்வகித்தவர் பூ ஷோகெங், மேற்கிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் வணிகர் வம்சம். தப்பி வந்த சோங் அரசவையினர் அவருடைய கப்பல்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அவர் அந்த ஊரில் இருந்த சோங் அரச குலத்தவரைக் கொன்றுவிட்டு மங்கோலியர் பக்கம் போய்விட்டார். ஓத்ராரில் வணிகர் சரக்கைத் தொட்டதுபோல் இங்கே வணிகர் கப்பலைத் தொட்டது.

குப்லாய் ஓர்தாக் முறையை அப்படியே கடலுக்குக் கொண்டுபோனார். 1280-களின் நடுவில் வந்த ஏற்பாட்டின்படி அரசு கப்பலும் கொடுக்கும் முதலும் கொடுக்கும்; வணிகர் போய் வர வேண்டும்; லாபத்தில் பத்தில் ஏழு அரசுக்கு, மூன்று வணிகருக்கு. தனியார் சொந்தமாகக் கடல் கடந்து வணிகம் செய்யத் தடை. தடை நிலைக்கவில்லை, போட்டும் எடுத்தும் பல தடவை மாறியது.

இந்த இடத்தில்தான் தமிழ் நாட்டுக் கரை கதைக்குள் வருகிறது. 1279 முதல் சில வருடங்களில் யாங் திங்பி என்ற தூதரை குப்லாய் பலமுறை கொல்லத்துக்கு அனுப்பினார். 1281-இல் போகும்போது காற்று எதிர்த்ததால் கப்பல் 'மாபர்' கரையில் ஒதுங்கியது. மாபர் என்றால் பாண்டிய நாடு. அங்கே அரச சகோதரர்கள் ஐந்து பேர் ஓரிடத்தில் கூடி, கொல்லத்தின்மேல் போர் தொடுக்க ஆலோசித்துக்கொண்டிருந்ததாகச் சீனப் பதிவு சொல்கிறது. மார்கோ போலோவும் ஐந்து சகோதர அரசர்கள் என்றே எழுதுகிறார். பஞ்ச பாண்டியர் என்று நம் பக்கம் சொல்வதற்கு இரண்டு அந்நிய சாட்சி.

பாண்டியருக்கு வேண்டியிருந்தது குதிரை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருவாதவூரர் கோயிலுக்குச் செலவழித்துவிட்ட கதை நமக்குத் தெரியும். நரி பரியானதைவிட அந்தப் பொன்னின் அளவுதான் வரலாற்றுக்காரர் கண்ணில் படும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பொன் போய்ச் சேர்ந்த இடம் பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவு. அதை ஆண்ட ஜமாலுத்தீன் திபி, இல்கான்களிடம் பார்ஸ் மாகாணத்தின் வரியைக் குத்தகை எடுத்தவர். அவர் தம்பி தகியுத்தீன் இங்கே காயல் முதலான துறைகளின் பொறுப்பில் பாண்டியருக்கு ஆலோசகராக இருந்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் இடத்தில் தம்பி. வருடத்துக்கு ஜமாலுத்தீனின் சொந்தக் குதிரை 1,400. மற்ற துறைகளிலிருந்து வருவதையும் சேர்த்தால் 10,000. ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது. 10,000 என்பதில் மிகை இருக்கலாம். அந்தக் கடைசி நிபந்தனையைப் பார்த்தால் பேரத்தில் யார் கை ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும்.

வாங்கிய குதிரையும் நிலைக்கவில்லை. வறுத்த பார்லியும் நெய்யில் புரட்டிய தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கிறார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். சோறும் இறைச்சியும் கலந்து போடுகிறார்கள் என்கிறார் போலோ. புல் தின்கிற பிராணி இரண்டையும் தாங்காது. குதிரை வைத்தியரையும் லாடம் அடிப்பவரையும் இந்தப் பக்கம் வரவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் போலோ குற்றம் சாட்டுகிறார். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வேலை.

இதற்குள் ஈரானில் இல்கான்களின் கருவூலம் காலியாகிவிட்டது. குப்லாய் 1260-லேயே சீனாவில் காகிதப் பணத்தை அச்சிட்டு ஓடவிட்டிருந்தார். தங்கமும் வெள்ளியும் அரசிடம், தாள் மக்களிடம். 1294-இல் கைகாத்து என்ற இல்கான் அதையே தப்ரீசில் செய்து பார்த்தார். நோட்டில் இஸ்லாமிய உறுதிமொழியும் இருந்தது, சீன எழுத்தும் இருந்தது. பெயர்கூடச் சீனப் பெயர்தான், 'சாவ்'. வாங்க மறுத்தால் மரண தண்டனை. கடைக்காரர்கள் மறுக்கவில்லை, கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். சாத்துகள் வருவது நின்றது. இரண்டே மாதத்தில் நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். சீனாவில் ஓடியது அங்கே ஏன் ஓடவில்லை? சீன வணிகர்களுக்குத் தாள் பணம் சில நூற்றாண்டுப் பழக்கம். தப்ரீஸ்காரருக்குத் தெரிந்ததெல்லாம், கொடுக்கிறவரின் பெட்டி காலி என்பது. சீனாவிலும் அது காலத்துக்கும் நிற்கவில்லை. 1287-இல் புது நோட்டு ஒன்றுக்குப் பழைய நோட்டு ஐந்து என்று மாற்ற வேண்டி வந்தது.

1335-இல் இல்கான் வம்சம் வாரிசில்லாமல் சிதறியது. 1346 வாக்கில் கருங்கடலின் காஃபா துறைமுகத்தை முற்றுகையிட்ட தங்கக் கூட்டப் படையில் கொள்ளைநோய் புகுந்தது. அங்கிருந்து இத்தாலியக் கப்பல்களிலும் ஏறியது. அதற்குச் சில வருடம் முன்பு ஃபுளோரன்ஸ் வணிகர் ஒருவர், கருங்கடலிலிருந்து சீனா வரை இரவும் பகலும் பயமில்லாமல் போகலாம், தாடி மட்டும் வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சக வணிகர்களுக்கு யோசனை எழுதி வைத்திருந்தார். 1368-இல் சீனாவிலும் மங்கோலியர் ஆட்சி முடிந்தது.

குவான்சோவில் 1956-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை, அதாவது 1281. யாங் திங்பி பாண்டியக் கரையில் காற்றுக்குக் காத்திருந்த அதே வருடம். சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், செகாசை கானின் திருமேனி நலத்துக்காக, அந்தக் கானின் 'பர்மான்'படி, சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. கீழே ஒரு வரி சீன எழுத்து. குப்லாய்க்கு 'செச்சென் கான்' என்று பட்டம் உண்டு, அதைத்தான் செகாசை என்று எழுதினார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. சீனத் துறைமுகத்தில், மங்கோலியக் கானுக்காக, பாரசீகச் சொல்லால் ஆணையைச் சுட்டும் தமிழ்க் கல்.

அந்தக் கோயில் இப்போது இல்லை. 1357-இலிருந்து பத்து வருடம் அந்த ஊரில் அந்நிய வணிகர் படைகளின் கலகம் நடந்தது, அடக்கியபோது அந்நியர் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. கோயில் கற்களில் பலவற்றை ஊர்க்காரர்கள் மதிலுக்கும் பாலத்துக்கும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். கிருஷ்ண லீலை செதுக்கிய தூண்கள் இரண்டு அங்கே கைய்யுவான் பௌத்த மடத்தில், பெரிய மண்டபத்தின் பின்பக்கக் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.